மாவாட்டிய சிப்பாய்

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். என் வீட்டுக்காரர் பின்கட்டில் ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் ஒரு கைலி, முழங்கை வரைக்கும் உளுந்து மாவு. நெற்றியில் வழிந்த வேர்வையைத் துடைக்கக் கையில் இடமில்லாமல் தோளில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யாருன்னு பாரு. நா வூட்டுல இல்லன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தார்.

"மொதல்ல எழுந்து உள்ள போங்க."

"எழுந்துக்க முடிஞ்சா எழுந்துக்க மாட்டனா? இடுப்பு புடிச்சிக்கிச்சுடி!"

கதவு மறுபடி அதிர்ந்தது. "ஏழுமலே! ஏ ஏழுமலே! இருக்கியா?" அந்துவானின் குரல்.

அந்துவான் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த போலீஸ்காரர். முத்தியால்பேட்டையில் எங்களுக்கு அடுத்த தெரு. மனசு கெட்டவர் இல்லை, வாய்தான் ஓட்டை. காலையில் அவர் கண்ணில் பட்டது மத்தியானத்துக்குள் கடற்கரை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அப்பேர்ப்பட்டவர் வாசலில் நிற்கிறார். தொப்பி மாட்டி விறைப்பாக நடக்கிற என் புருஷன் உள்ளே மாவுக் கையோடு தரையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. கதவைத் திறக்கப் போவதற்கு முன் இந்த மனுஷர் ஆட்டுக்கல்லுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான்தான் அவரை அடக்கி ஆண்டேன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

குனியாத மனுஷர்

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் என்றால் பிரெஞ்சுக்காரன்தான். அவன் ஆண்டபோது போலீஸ் சிப்பாயாகச் சேர்ந்தவர் இவர். துரைமார் அலுவலக வாசலில் காவல். தலையில் கெப்பித் தொப்பி, கையில் துப்பாக்கி. "கர்தாவு" என்று, அதாவது 'அட்டென்ஷன்' என்று, உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தால் போதும், அப்படியே விறைத்துக்கொண்டு நிற்பார். காக்காய் வந்து தோளில் உட்கார்ந்தால்கூட அசைய மாட்டார் என்று பெயர்.

ஒருநாள் ஒரு கொம்மிசேர், அதாவது போலீஸ் பெரிய அதிகாரி, மற்றவர்களிடம் இவரைக் காட்டி, நிற்பது என்றால் இப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்குப் பிடித்தது எங்கள் வீட்டுக்குச் சனி.

வீட்டிலும் அதே விறைப்பு. கீழே விழுந்த துண்டை எடுக்க மாட்டார். கால் கழுவ நான் தண்ணீர் ஊற்ற வேண்டும். பூட்ஸ் கயிறு கட்டுவதும் நான்தான். ஏனென்று கேட்டால், "குனியறது கூலிக்காரன் வேலைடி. நா சர்க்கார் ஆளு" என்பார். அவர் மட்டுமல்ல, அந்தப் படையில் பாதிப்பேர் அப்படித்தான். உடம்பு வளையாமல் இருப்பதைத்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

துரைமார் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய சமயத்தில் வீட்டுச் சாமான்களையெல்லாம் விற்றுவிட்டுப் போனார்கள். ஊரே போய் அள்ளியது. ஒருவர் கண்ணாடி அலமாரி வாங்கினார், ஒருவர் நாய்க்குட்டி வாங்கினார். என் வீட்டுக்காரர் உயரமான முதுகு வைத்த ஒரு நாற்காலியும் மேஜையும் வாங்கிவந்தார். அதற்குப் பிறகு அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. நானோ பாகூர்ப் பக்கத்து வயலில் நாற்று நட்டு வளர்ந்தவள். நான் கீழே உட்கார்ந்து சாப்பிட, அவர் மேலே உட்கார்ந்து சாப்பிட, ஏதோ கச்சேரியில் விசாரணைக்கு வந்த மாதிரி இருக்கும் எனக்கு.

அப்புறம் கொடி மாறியது. கெப்பி போய் வேறு தொப்பி வந்தது. ஒன்றிரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் முகம் வெளுத்துப் போய் வந்தார். பழைய சிப்பாய்களுக்கெல்லாம் உடம்புப் பரிசோதனையாம். மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். குனிந்து கால் விரலைத் தொட வேண்டும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். முடிந்தவன் வேலையில் இருக்கலாம். முடியாதவன் வீட்டுக்குப் போகலாம்.

"ஓடறது ஆவும். கீழ உக்காந்து எழுந்துக்கறதுதான்..." என்று இழுத்தார்.

"எங்க, இப்ப உக்காருங்க பாப்போம்."

சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். உட்கார்ந்தும் விட்டார். எழ முடியவில்லை. நானும் எங்கள் பெண்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். பெண்கள் முதலில் கிளுகிளுவென்று சிரித்தார்கள். அப்பா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அவருக்கு அப்போது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. வேலை போனால் இந்த இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு எங்கே போவோம்?

தலைகீழாக நின்ற கதை

யாரோ சொன்னார்களென்று யோகாசனம் சொல்லிக்கொடுக்கும் ஒரு மாஸ்டரிடம் போனார். குயவர்பாளையத்தில் ஒரு கீற்றுக்கொட்டகை, நாலைந்து கோரைப்பாய், அவ்வளவுதான். போனவர் சும்மா இருந்திருக்கலாம். அங்கே ஒருவன் தலைகீழாக நின்றிருக்கிறான். 'இவனே நிற்கிறான், சிப்பாய்க்கு என்ன' என்று இவர் முதல் நாளே தலையைக் கீழே ஊன்றிக் காலைத் தூக்கிவிட்டார். தடாலென்று விழுந்தார். ஒரு வாரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்புவார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாஸ்டரோடு சண்டைக்கே போனேன்.

"ஏங்க, புள்ளக்குட்டிக்காரன இப்படியா கவுத்துவீங்க?"

"நா எங்கம்மா கவுத்தன்? வேணாம் வேணாம்னு சொல்ல சொல்ல அவரா கவுந்தாரு" என்றார் அவர். "தரையில உக்காரவே வராத ஆளுக்கு சிரசாசனம் எதுக்கும்மா? மொதல்ல வூட்டுல குனிஞ்சு நிமிந்து ரெண்டு வேல செய்யச் சொல்லு. முட்டியும் இடுப்பும் வழிக்கு வரட்டும். அப்புறம் அழைச்சிக்கினு வா."

திட்டப் போன நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் குந்தி உட்கார்ந்திருந்தார். உத்கடாசனமாம். இன்னொருவர் காலை நீட்டிக் குனிந்து விரலைப் பிடித்தார். அதற்குப் பச்சிமோத்தாசனம் என்று பெயர். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கோலம் போட நான் தினமும் அப்படித்தான் குந்துகிறேன். காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைக்கிறேன், எட்டிச் சிதறியதைக் குனிந்து பொறுக்குகிறேன். எனக்கு யாரும் பாய் போட்டுப் பெயர் வைக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் இடுப்பு கழன்று விழுவதைப் பற்றியும் யாரும் கேட்டதில்லை.

ஆனால் வீடு திரும்பும் வழியிலேயே எனக்குத் திட்டம் வந்துவிட்டது.

பின்கட்டுப் பயிற்சி

"நாளையிலருந்து கெணத்துல நீங்கதான் தண்ணி எறைக்கணும்" என்றேன்.

"இன்னாது?"

"கூட்டறதும் நீங்கதான். கை நீளத் தொடப்பம் கெடையாது, இந்தக் கட்டத் தொடப்பந்தான். காய் அரியறது கீழ உக்காந்து அருவாமணையில. மாவாட்டறது, தொவைக்கிறது, எல்லாம் ஒண்ணொண்ணா வரும்."

குதித்தார். நான் சர்க்கார் ஆள் என்றார். நாலு பேர் பார்த்தால் மானம் கப்பலேறிவிடும் என்றார். வேலை போனால் மட்டும் மானம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்குமா என்று கேட்டேன். வாசல் கதவையும் சன்னலையும் சாத்திவிட்டுச் செய்யலாம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். பெண்களிடம், வெளியே மூச்சு விட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று சொல்லிவைத்தேன்.

முதலில் பார்க்கச் சகிக்கவில்லை. தண்ணீர் இறைத்தால் தோள் வீங்கியது. கூட்டச் சொன்னால் முழங்கால் மடங்காமல் முதுகை மட்டும் வளைத்து, கொக்கு மீன் தேடுகிற மாதிரி நடந்தார். "முட்டிய மடக்குங்க, மூச்ச அடக்காதீங்க" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு போவேன். காலையில் எழுந்ததும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பேன். பகலில் திட்டுவேன். ஒன்று சொல்ல வேண்டும், ஆரம்பித்த பிறகு அவர் ஏமாற்றவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு இளகியது. குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டியது, பிறகு கணுக்காலுக்கு வந்தது. ஆனால் தரையிலிருந்து எழுவது மட்டும் நாளுக்கொரு மாதிரி இருந்தது. ஒருநாள் எழுவார், ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்ட ஒருநாளில்தான் அந்துவான் வந்து கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது

கதவை ஒரு சாண் திறந்து அந்த இடைவெளியில் நான் நின்றுகொண்டேன்.

"அவரு இல்லியேண்ணே."

"இல்லியா? சைக்கிளு நிக்கிது, செருப்பு கெடக்குது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மொத கூட்டத்துக்குப் பரிட்ச முடிஞ்சிது தனம். நம்ம கூட்டம் அடுத்த திங்கக்கெழமையாம். அதச் சொல்லத்தான் வந்தேன். உள்ள இருந்தா கூப்புடு."

திங்கட்கிழமை! அடுத்த மாதம் என்றல்லவா சொல்லியிருந்தார்கள்? நான் திகைத்து நின்ற நேரத்தில், உள்ளே என் வீட்டுக்காரருக்கும் காதில் விழுந்துவிட்டது போல. "திங்கக்கெழமையா!" என்று அலறிவிட்டார். அந்துவான் என்னை ஒதுக்கிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார்.

அங்கிருந்து ஒரு சிரிப்பு கேட்டது பாருங்கள், கிணற்றுக்குள் போய் எதிரொலித்தது. "மொந்தியே! எங்க ஏழுமலையா இது?" என்று, கடவுளைப் பிரெஞ்சில் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அக்குளில் கை கொடுத்துத் தூக்கியும் விட்டார். போகும்போது, "யாருகிட்டயும் சொல்ல மாட்டன்பா" என்றார். அவர் அப்படிச் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாளே போலீஸ் லைனில் இவருக்கு 'ஆயா' என்று பெயர். "ஆயா, இட்லி ஆச்சா?" "ஆயா, நாளைக்கு அரிசியா, உளுந்தா?" வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

"வேல போனாப் போவட்டும். இந்தச் சிரிப்ப என்னால தாங்க முடியல."

"சிரிக்கிறவன் நம்ம பொண்ணுங்களுக்குச் சோறு போடுவானா?"

"பேசாத தனம்."

நான் பேசினேன். அழுதேன். பாத்திரத்தைத் தூக்கிப் போட்டேன். எதற்கும் அசையவில்லை. ஒவ்வொரு நாளும் போகப் போக, இளகிய உடம்பு திரும்ப இறுகுவது அவர் நடையிலேயே தெரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வந்தபோது முகமே சரியில்லை. முதல் கூட்டத்தில் தேறாத ஒருவர், இவருக்கும் மூத்தவர், பெல்ட்டையும் உடுப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேட்டியோடு வெளியே போனதைப் பார்த்தாராம். "யாருமே சிரிக்கல தனம். யாருமே அந்தாளு முகத்தப் பாக்கல" என்றார். பிறகு சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, நான் எதுவும் சொல்லாமலே, வீட்டு வேலை எல்லாவற்றையும் அவரே செய்தார். கதவைச் சாத்தக்கூட இல்லை.

மைதானம்

திங்கட்கிழமை காலை நானும் போனேன். மைதானத்தின் கம்பி வேலியோரம் என்னைப் போல நிறையப் பெண்கள் நின்றிருந்தார்கள். அந்துவான் பெண்சாதி ரோசலி அக்கா என் பக்கத்தில் நின்று உதட்டுக்குள்ளேயே செபம் சொல்லிக்கொண்டிருந்தார். கடல் காற்றில் மணல் வந்து முகத்தில் அடித்தது.

ஓட்டம் முடிந்தது. குனிந்து தொடுவது முடிந்தது. இவர் விரல் பூட்ஸ் நுனியைத் தொட்டதை நான் பார்த்தேன். அடுத்தது உட்காருவது. பெயர் கூப்பிட்டதும் முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வரிசையில் பின்னாலிருந்து எவனோ "ஆயா!" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"எழுந்திரு" என்றார் அதிகாரி.

பாதி எழுந்தார். அங்கேயே நின்றுவிட்டார். முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது. வலது கை தானாகத் தரையை நோக்கிப் போயிற்று. கம்பியைப் பிடித்திருந்த என் கையில் துரு அப்பியது. 'ஊனாதீங்க, ஊனாதீங்க' என்று வாய்க்குள் சொன்னேன். போன கை அந்தரத்தில் நின்று, மெதுவாகத் திரும்பித் தொடைக்கு வந்தது. ஒரு மூச்சை விட்டார். எழுந்து நின்றார்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அந்தச் சந்தோஷத்தை ஒரு நிமிஷம்கூட முழுசாக அனுபவிக்க விடவில்லை இந்த மனுஷர்.

"ஒடம்ப நல்லா வச்சிருக்கியே! என்னய்யா பயிற்சி செய்யறே?" என்று அதிகாரி உரக்கக் கேட்டார். வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

என் வீட்டுக்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டார். "யோகாசனம் சார்! தெனமும் சிரசாசனம்!"

அதிகாரி தட்டிக்கொடுத்தார். எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. ஒரு நொடிகூட நிற்காத சிரசாசனம்! கழுத்துக்கு நான் கொடுத்த ஒத்தடம் யோகாசனமா?

அடுத்து அந்துவான் முறை. தொந்தியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எழப் பார்த்தவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து இரண்டு கையையும் ஊன்றிவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. ரோசலி அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அதிகாரி இரக்கப்பட்டு, இன்னும் ஒரு மாசம் தருகிறேன், அதற்குள் தேறி வா, இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான் என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அத்தன பேரு முன்னால மாவாட்டனேன்னு சொல்லச் சொல்றியா?"

"ஏன், அது திருட்டு வேலையா? நா வருசம் பூரா அதத்தான செய்யறேன்?"

அவர் நடையை எட்டிப் போட்டார். அன்றைக்கு வீட்டில் பெண்கள் மூலமாகத்தான் பேச்சு. "உங்கப்பாவ சாப்புடச் சொல்லு." "உங்கம்மா சாப்புட்டாளான்னு கேளு."

கேட்க வந்தவர்கள்

மறுநாள் சாயங்காலம் அந்துவானும் ரோசலி அக்காவும் வந்தார்கள். அந்துவான் கக்கத்தில் ஒரு தலையணை. நெற்றியில் புடைப்பு.

"ஏழுமலே, அந்தச் சிரசாசனத்த எனக்குக் கத்துக்குடுப்பா" என்றார். குரலில் கேலி கிண்டல் எதுவும் இல்லை. "காலையில செவுத்துல சாஞ்சி நின்னு பாத்தேன். உருண்டுட்டேன். ஒரு மாசந்தான் இருக்குது. நீ குடுக்கலன்னா என் பொழப்பு போச்சு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றேன். அந்துவான் தலையணையைத் தரையில் போட்டு, தொந்தியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டார். தலையைக் குனிந்து தலையணையில் வைக்கப் போனார். அந்த உடம்புக்கும் அந்தக் கழுத்துக்கும் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரோசலி அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, வேணாம்! தூக்காத!" என்று கத்திக்கொண்டு இவர் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தார். "கழுத்து போயிடும்ணே. நா சிரசாசனமும் போடல, ஒரு மண்ணும் போடல. நேத்து சொன்னது பொய்."

"அப்புறம் எப்படிடா எழுந்த?"

"நா மாவாட்டறத நீ வந்து பாத்து சிரிச்ச இல்ல, அதுதான் பயிற்சி. அதுமட்டுந்தான். கத்துக்குடுத்தது இவ. எனக்கு ஒண்ணுந் தெரியாது. இவளக் கேளு."

அந்துவான் மண்டியிட்டபடியே என் பக்கம் திரும்பினார். எழுந்து கேட்கத்தான் பார்த்தார், முடியவில்லை. "அக்கா..." என்றார். எனக்கு அவரைவிடப் பத்து வயதாவது குறைவு.

'ஆயா ஆயா' என்று என் புருஷனைப் பார்த்துச் சிரித்தார்களே, அந்த நாட்களுக்காகக் கொஞ்ச நேரம் மண்டியிட்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு ரோசலி அக்காவின் கையைப் பார்த்தேன். என் கையைப் போலவே காய்த்துப் போன கை.

"காலையில வெள்ளன வாங்கண்ணே. ஒரு மாசத்துக்கு உங்க வூட்டு வேல முழுக்க நீங்கதான் செய்யணும். எப்படின்னு நா சொல்றேன்" என்றேன். "ரோசலி அக்காவையும் கூட்டிக்கினு வாங்க. அவங்க ஒண்ணுஞ் செய்யக் கூடாது. சும்மா உக்காந்து பாக்கட்டும்."

அந்துவான் சரி சரியென்று தலையாட்டினார். ரோசலி அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"சும்மா உக்காந்தா கைய எங்க தனம் வச்சிக்கிறது?"